ஐந்து பேர், ஐந்து விதமான நாக்கு: வீட்டில் சாலட் செய்ய எதை வாங்குவது, எப்படிக் கலப்பது?

இலைக்கூடை

வணக்கம். எங்கள் வீட்டில் ஐந்து பேர். வாரத்தில் நான்கு நாட்களாவது இரவு உணவோடு ஒரு கிண்ணம் சாலட் இருக்க வேண்டும் என்று ஆறு மாதங்களுக்கு முன்பு தீர்மானித்தேன். அந்தத் தீர்மானம் இன்றும் மாறவில்லை, ஆனால் அதை நடத்திக்கொண்டு போவது சிரமமாக இருக்கிறது. சனிக்கிழமை வாங்கிவரும் லெட்டூஸ் புதன்கிழமை வருவதற்குள் ஓரங்கள் பழுப்பேறிக் கொழகொழத்துவிடுகிறது. வெள்ளரிக்காயைக் கையில் எடுத்தால் நுனி அமுங்குகிறது. வாங்கியதில் பாதி குப்பைக்குப் போகிறது, அதை எறியும்போதெல்லாம் மனம் கனத்துவிடுகிறது.

இதை விடப் பெரிய சிக்கல், ஆளுக்கொரு சுவை. கணவருக்குப் பச்சை வெங்காயம் ஆகாது. மூத்த மகள் கொத்தமல்லித் தழையில் சோப்பு வாசனை அடிக்கிறது என்று தட்டையே தள்ளிவைக்கிறாள். எட்டு வயது மகன் முட்டைக்கோஸைத் தொடுவதே இல்லை. மாமியாருக்குப் பல் வலுவில்லை, கேரட் துண்டுகளை அவரால் மெல்ல முடியாது. எனக்கு இவை எல்லாமே பிடிக்கும். ஒவ்வொருவருக்கும் வேண்டாததை நீக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் வெள்ளரியும் தக்காளியும்தான் மிஞ்சுகின்றன, அதுவும் மேசைக்கு வந்த பத்தே நிமிடத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டு கிண்ணத்தின் அடியில் குளமாக நிற்கிறது.

வாரத்திற்கு ஒரு முறைதான் என்னால் கடைக்குப் போக முடியும். எதை வாங்குவது, எப்படி வைத்துக்கொள்வது, இத்தனை வேறுபாட்டையும் ஒரே சாலட்டில் எப்படிச் சமாளிப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நிதானச்சமையல்

தோழி, முதலில் அந்தத் தண்ணீரைக் கவனிப்போம், ஏனெனில் சாலட் பிடிக்கவில்லை என்று சொல்லும் பலருக்கு உண்மையில் பிடிக்காமல் போவது காய்கறி அல்ல, அந்தச் சப்பென்ற நீர்தான் என்பது பல ஆண்டுகளாகச் சமைத்து நான் கண்டது.

வெள்ளரிக்காயில் ஏறத்தாழ 95 விழுக்காடு நீர். உப்புப் பட்டவுடன் அந்த நீர் வெளியே வந்தே தீரும். அது உங்கள் கிண்ணத்தில் வருவதற்குப் பதிலாக முன்கூட்டியே வடிகட்டியில் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வெள்ளரிக்காய்களை மெல்லிய வட்டங்களாக நறுக்கி, அரைத் தேக்கரண்டி உப்பைத் தூவி, கையால் ஒரு முறை புரட்டி, வடிகட்டியில் போட்டு இருபது நிமிடம் விட்டுவிடுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒவ்வொரு வட்டத்தின் மேலும் முத்து முத்தாக நீர் அரும்பும், வெளுப்பாக இருந்த நடுப்பகுதி கண்ணாடிபோல் தெளியும், வடிகட்டிக்கு அடியில் வைத்த கிண்ணத்தில் சொட்டுச் சத்தம் கேட்கத் தொடங்கும். பிறகு உள்ளங்கையில் அள்ளி மென்மையாக ஒரு பிழி பிழிந்து துணியில் ஒற்றி எடுத்தால் வட்டங்கள் வளைந்துகொடுக்கும், கடித்தால் மொறுமொறுப்பும் இருக்கும். இதற்குப் பிறகு தனியாக உப்புச் சேர்ப்பதற்கு முன் கட்டாயம் ருசி பாருங்கள்.

தக்காளிக்கும் இதே வழிதான், ஆனால் அதன் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். விதையைச் சூழ்ந்திருக்கும் கூழில்தான் தக்காளியின் சுவை செறிந்திருக்கிறது. வடிந்த சாற்றை எலுமிச்சைச் சாற்றோடு சேர்த்து, சாலட் மேல் ஊற்றும் டிரெஸ்ஸிங்கில் கலந்துவிடுங்கள்.

சாலட் என்ற பெயரே உப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது, உப்பிட்டது என்பதுதான் அதன் மூலப்பொருள். நான் இதைச் சொல்வதற்குக் காரணம், பலரும் உப்பைக் கடைசியில் மேலே தூவும் பொருளாக நினைக்கிறார்கள். அதை முதலில் வேலை செய்ய விட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மண்வாசம்

வாங்குவதையும் வைப்பதையும் பற்றி நான் எழுதுகிறேன். வீட்டுக்குப் பின்னால் சிறிய தோட்டம் வைத்திருப்பதால், பறித்த பிறகு காய்கறிக்கு என்ன ஆகிறது என்பதை அன்றாடம் பார்க்கிறேன்.

கடையில் லெட்டூஸை எடுத்தவுடன் இலையைப் பார்க்காதீர்கள், தலைகீழாகத் திருப்பி அடித்தண்டின் வெட்டுவாயைப் பாருங்கள். வெண்மையாகவோ இளம்பச்சையாகவோ இருந்தால் வெட்டி அதிக நாட்கள் ஆகவில்லை, செம்பழுப்பாகக் காய்ந்திருந்தால் அது ஏற்கெனவே பயணம் செய்து களைத்த பொருள். நறுக்கிப் பையில் அடைத்த இலைகளை விட முழுச் செடியாகக் கிடைப்பது கூடுதல் நாட்கள் தாங்கும், ஏனெனில் ஒவ்வொரு வெட்டும் இலைக்கு ஒரு காயம். பையில்தான் வாங்க வேண்டும் என்றால் பையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். உள்ளே நீர் கோத்து நின்று இலைகள் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கிடந்தால் மேலே தெரியும் பசுமையை நம்ப வேண்டாம். வெள்ளரிக்காயின் இரு முனைகளையும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். எலுமிச்சையில் தோல் மெலிதாகவும் அளவுக்கு மீறிய கனமாகவும் இருப்பதில்தான் சாறு அதிகம்.

இனி வீட்டில். உங்கள் வெள்ளரிக்காயின் நுனி அமுங்குவதற்குக் குளிர்சாதனப் பெட்டியின் குளிரே காரணமாக இருக்கலாம். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பல நாட்கள் இருந்தால் வெள்ளரிக்குத் திசு சிதைந்து குழிகள் விழும், நீர்க்கசிவு தோன்றும். ஆகவே பெட்டியின் பின்பக்கத்தில் தள்ளாமல், குளிர் குறைவாக இருக்கும் கதவுப் பக்கம் வைத்து, மூன்று நாட்களுக்குள் தீர்த்துவிடுவது நல்லது. லெட்டூஸ் இதற்கு நேர்மாறு. உறையாத அளவுக்கு எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது.

இன்னொன்று, நீங்கள் ஆப்பிளையும் இலைகளையும் ஒரே தட்டில் வைக்கிறீர்களா? ஆப்பிள், வாழைப்பழம், பழுத்த தக்காளி ஆகியவை எத்திலீன் என்ற வாயுவை வெளியிடுகின்றன. அது பழங்களைப் பழுக்கவைக்கும், ஆனால் லெட்டூஸில் பழுப்புப் புள்ளிகளை உண்டாக்கும், வெள்ளரியை மஞ்சளாக்கும், கேரட்டைக் கசக்கவே வைத்துவிடும். ஒரு மாதம் முழுக்கக் கேரட் கசக்கிறது என்று காய்கறிக் கடைக்காரரைக் குறைசொல்லிக்கொண்டிருந்துவிட்டு, தவறு என் பெட்டியில் பக்கத்திலிருந்த ஆப்பிள்களில் என்று பின்னர்தான் புரிந்துகொண்டேன். அவரிடம் போய் வருத்தமும் தெரிவித்தேன்.

இலைக்கூடை

நிதானச்சமையல் அக்கா, மண்வாசம் ஐயா, இருவருக்கும் நன்றி. ஐயா கேட்டது சரியாக எங்கள் வீட்டு நிலைமைதான். கீழ்த்தட்டில் ஆப்பிள், லெட்டூஸ், கேரட் மூன்றும் ஒன்றாகக் கிடக்கின்றன. இன்றே பிரிக்கிறேன்.

இலையைக் கழுவிவிட்டு வைப்பதா, கழுவாமல் வைப்பதா? இரண்டு விதமாகவும் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

தனிச்சமையல்

நான் தனியாக வசிப்பவன், ஒரு லெட்டூஸை ஒற்றை ஆளாகத் தின்று முடிக்க வேண்டியவன் என்பதால் இதில் எனக்குப் பயிற்சி உண்டு. கழுவி வைக்கலாம், ஆனால் முழுமையாகக் காயவைக்க முடிந்தால் மட்டும். ஈரத்தோடு மூடிவைப்பதை விடக் கழுவாமல் வைப்பதே மேல்.

என் முறை இது. இலைகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பெரிய பாத்திரத்தில் குளிர்ந்த நீரில் மிதக்கவிடுவேன். மண் அடியில் தங்கிவிடும், இலைகளை மேலாகத் தூக்கி எடுக்க வேண்டும், பாத்திரத்தைச் சாய்த்து ஊற்றினால் மண் திரும்ப இலைமேலேயே விழும். சுழற்றி நீர் வடிக்கும் கூடை இருந்தால் இரண்டு தவணைகளாகச் சுழற்றலாம். இல்லையென்றால் ஒரு பெரிய பருத்தித் துண்டை விரித்து, இலைகளை ஒரே அடுக்காகப் பரப்பி, பாயைச் சுருட்டுவதுபோல் தளர்வாகச் சுருட்டி, ஐந்து நிமிடம் கழித்துப் பிரித்தால் போதும். பிறகு அகலமான டப்பாவில் காய்ந்த துணியொன்றை அடியில் போட்டு, இலைகளை அழுத்தாமல் அடுக்கி, மேலே இன்னொரு துணியைப் போட்டு மூடிவிடுவேன். துணி ஈரமானால் மாற்றிவிடுவேன். இப்படி வைத்தால் எனக்கு ஐந்தாறு நாட்கள் தடையில்லாமல் வருகிறது.

வாடிய இலையை அவசரப்பட்டு எறிய வேண்டாம். கொழகொழத்தது வேறு, வாடியது வேறு. வாடிய இலை நீரை இழந்திருக்கிறது, அவ்வளவே. குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் போட்டால் அதன் செல்களுக்குள் நீர் மறுபடி ஏறி நிமிர்ந்துவிடும். கொழகொழத்ததும் கெட்ட வாசனை வருவதும் மட்டும் குப்பைக்குரியவை.

நிதானச்சமையல்

வாரத்திற்கு ஒரே ஒரு முறை கடைக்குப் போகிறவர்களுக்கு நான் எப்போதும் வற்புறுத்திச் சொல்வது, வாங்கும் பட்டியலைக் காய்கறியின் பெயரால் எழுதாமல் நாளின் பெயரால் எழுதுங்கள் என்பதுதான். எது முதலில் கெடுமோ அது முதலில் உண்ணப்பட வேண்டும். சனி, ஞாயிறு இலைகளுக்கும் மென்மையான தழைகளுக்கும் உரிய நாட்கள். திங்கள், செவ்வாயில் வெள்ளரியும் தக்காளியும் குடைமிளகாயும். புதனுக்குப் பிறகு முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், முள்ளங்கி என்று வாரக்கணக்கில் தாங்குபவை, அவற்றோடு ஊறவைத்து வேகவைத்த கொண்டைக்கடலை. நீங்கள் புதன்கிழமை லெட்டூஸைத் தேடியதுதான் தவறு, தோழி. புதன்கிழமை அது இருக்கவே கூடாது, ஞாயிற்றுக்கிழமை இரவே தீர்ந்திருக்க வேண்டும்.

இப்படி எழுதினால் கடையில் நிற்கும்போதே அளவும் புரிந்துவிடும். இரண்டு நாட்களுக்கு ஐந்து பேர் எவ்வளவு இலை உண்பார்கள் என்று கேட்டுக்கொண்டால் யாரும் மூன்று லெட்டூஸ் வாங்க மாட்டார்கள்.

தனிச்சமையல்

அக்கா சொல்லும் வரிசையை மதிக்கிறேன், ஆனால் நாளின் பெயரால் பட்டியல் எழுதுவதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கடைக்குப் போனால் அன்றைக்கு எது நன்றாக இருக்கிறதோ அதுதான் பட்டியலை முடிவு செய்ய வேண்டும். தக்காளி வெளிறிக் கல்லாக இருக்கும் நாளில், தாளில் எழுதியிருக்கிறது என்பதற்காக அதை ஏன் வாங்க வேண்டும்?

நிதானச்சமையல்

நியாயமான கேள்வி. பட்டியலில் நான் தக்காளி என்று எழுதுவதில்லை, "திங்கள்: சாறுள்ள ஏதாவது ஒன்று, புளிப்புள்ள ஏதாவது ஒன்று" என்று எழுதுகிறேன். தக்காளி சரியில்லாவிட்டால் ஆரஞ்சோ மாதுளையோ அந்த இடத்தை நிரப்பும். முன்பே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

கசப்புப்பிரியர்

சுவை வேறுபாட்டைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அதுதான், ஏனெனில் பிடிக்காததைப் பிடிவாதம் என்று சொல்லிச் சொல்லியே பல வீடுகளில் உணவு மேசை சண்டை மேசையாகிவிடுகிறது.

1931இல் டூபான்ட் ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் பி.டி.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு பொருளைப் புட்டியில் கொட்டிக்கொண்டிருந்தபோது அதன் தூள் காற்றில் பறந்தது. பக்கத்திலிருந்த சக ஆய்வாளர் கடுமையாகக் கசக்கிறது என்றார். ஃபாக்ஸின் நாக்குக்கோ அதில் எந்தச் சுவையும் தெரியவில்லை. ஒரே பொருள், ஒரே அறை, இரண்டு நாக்குகள். இதற்குப் பின்னால் இருக்கும் மரபணு 2003இல் அடையாளம் காணப்பட்டது. இதில் நம் சமையலறைக்கு வரும் செய்தி என்னவென்றால், முட்டைக்கோஸ் குடும்பத்துக் காய்களில் உள்ள சில பொருட்களும் பி.டி.சி.யைப் போன்ற வேதியமைப்புக் கொண்டவை என்பதுதான். அந்தக் கசப்பைக் கூர்மையாக உணரும் குழந்தையிடம் "இது இனிக்கத்தானே செய்கிறது, சாப்பிடு" என்று நாம் சொன்னால், அந்தக் குழந்தைக்கு நாம் பொய் சொல்கிறோம். உங்கள் மகன் அப்படிப்பட்டவனா என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் அப்படி இருக்கக்கூடும் என்ற எண்ணத்தோடு அவனிடம் பேசுங்கள்.

மகளின் சோப்பு வாசனையும் கற்பனை அல்ல. கொத்தமல்லித் தழையின் மணத்திற்குக் காரணமான ஆல்டிஹைடுகள் என்ற வேதிப்பொருட்களில் சில சோப்பிலும் காணப்படுபவை. அவற்றை உணரும் வாசனை ஏற்பி ஒன்றின் மரபணு வேறுபாட்டோடு இந்த வெறுப்புக்குத் தொடர்பு இருப்பதாக 2012இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மரபணு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது, பழக்கத்திற்கும் பங்கு உண்டு. தழையை நன்றாக நசுக்கினால் அந்த வாசனை ஓரளவு தணியும். ஆனாலும் அவளுக்குப் புதினாவைக் கொடுத்துவிடுவதே அன்பான வழி என்பது என் கருத்து.

கசப்பைக் குறைக்கச் சர்க்கரையைத் தேடுகிறோம். உப்புதான் கசப்பை இன்னும் திறமையாக மறைக்கும். முட்டைக்கோஸை மயிரிழையாகச் சீவி, உப்பிட்டுக் கையால் இரண்டு நிமிடம் பிசைந்து, பிழிந்து, எலுமிச்சை சேர்த்தால் அது வேறு காயாகவே மாறிவிடும்.

மண்வாசம்

கசப்பு என்றதும் ஓர் எச்சரிக்கை. வெள்ளரி, சுரை குடும்பத்துக் காய்களில் கசப்புக்குக் காரணம் குகுர்பிட்டாசின் என்ற வேதிப்பொருள். செடிக்கு வெயிலும் நீர்ப்பற்றாக்குறையும் தாக்கினால் அது கூடும், காம்புப் பக்கத்திலும் தோலிலும் அதிகமாகத் தேங்கும். காம்புப் பக்கம் ஓர் அங்குலத்தை நறுக்கிச் சுவைத்துப் பாருங்கள். இலேசான கசப்பென்றால் நுனியையும் தோலையும் நீக்கிவிடலாம். நாக்கைச் சுருட்டும் அளவுக்குக் கசந்தால் அந்தக் காயை முழுவதுமாக எறிந்துவிட வேண்டும், உப்போ எலுமிச்சையோ போட்டு மறைத்து உண்ணக் கூடாது. அந்த அளவில் அது வயிற்றுக்குத் தீங்கு செய்யும்.

வெள்ளரிப்பிஞ்சு

நான் சமையலுக்குப் புதியவள். அனைவரும் எழுதுவதைப் படித்துக்கொண்டிருந்தேன், ஒரு சந்தேகம் கேட்கலாமா? டிரெஸ்ஸிங்கைக் கடையில் புட்டியாக வாங்கினால் இனிப்பாக இருக்கிறது, வீட்டில் எண்ணெயையும் எலுமிச்சையையும் ஊற்றினால் இலைகள் ஐந்து நிமிடத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு துவண்டுவிடுகின்றன. எலுமிச்சையின் புளிப்புதான் இலையைத் துவளச் செய்கிறது என்று நினைத்து அதைக் குறைத்தும் பார்த்துவிட்டேன்.

நிதானச்சமையல்

தாராளமாகக் கேளுங்கள், தங்கையே. நீங்கள் எலுமிச்சையைச் சந்தேகித்தீர்கள், ஆனால் குற்றவாளி எண்ணெய். இலையின் மேல் மெழுகு போன்ற ஒரு படலம் இருக்கிறது. நீரும் எலுமிச்சைச் சாறும் அதன் மேல் உருண்டு ஓடிவிடும், எண்ணெயோ அந்தப் படலத்தின் வழியாக உள்ளே ஊடுருவி இலையைக் கருமையாக்கித் துவளவைக்கும். ஆகவே எண்ணெயைத் தனியாக இலைமேல் ஊற்றவே கூடாது, சாற்றோடு நன்றாகக் கலந்து பால்போல் ஆன பிறகே சேர்க்க வேண்டும்.

ஐந்து பேருக்கு அளவு சொல்கிறேன். மூடியுள்ள சிறிய கண்ணாடிப் புட்டியில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கால் தேக்கரண்டி உப்பு. முதலில் இவை இரண்டையும் குலுக்கி உப்பைக் கரைத்துவிடுங்கள், ஏனெனில் உப்பு எண்ணெயில் கரையாது, பிறகு போட்டால் பல்லில் நறநறக்கும். அடுத்து அரைத் தேக்கரண்டி கடுகு விழுது, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய். மூடியை இறுக்கி இருபது எண்ணும்வரை பலமாகக் குலுக்குங்கள். பிரிந்து நின்ற இரண்டு அடுக்குகளும் மறைந்து, வெளிறிய மஞ்சளில் கெட்டியான குழம்பாக மாறிப் புட்டியின் சுவரில் மெதுவாக வழியும். கடுகுதான் அந்தக் கலவையைப் பிரியாமல் பிடித்துவைக்கிறது. புளிப்பு ஒரு பங்கு, எண்ணெய் மூன்று பங்கு என்பது வழக்கமான கணக்கு. எனக்குப் புளிப்புப் பிடிக்கும் என்பதால் நான் எண்ணெயை இரண்டு பங்காகக் குறைத்துக்கொள்கிறேன், உங்கள் நாக்கு சொல்வதைக் கேளுங்கள்.

இலை ஈரமாக இருந்தால் இத்தனை பாடும் வீண், டிரெஸ்ஸிங் வழுக்கி அடியில் போய் நின்றுவிடும். எண்ணெயே வேண்டாம் என்று முற்றிலும் ஒதுக்குவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கேரட்டிலும் தக்காளியிலும் இலைகளிலும் உள்ள கரோட்டினாய்டுகள் என்ற நிறமிச் சத்துகளை உடல் உறிஞ்சிக்கொள்ள அதே உணவில் சிறிது கொழுப்பு இருக்க வேண்டும். எண்ணெய்க்குப் பதிலாக ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ பாதி அவகாடோவோ இருந்தாலும் சரி.

புட்டி டிரெஸ்ஸிங் வாங்குவதென்றால் பின்பக்கச் சீட்டில் சேர்மானங்கள் அளவின் இறங்குவரிசையில் இருக்கும். சர்க்கரை இரண்டாவதோ மூன்றாவதோ இடத்தில் நின்றால் உங்கள் நாக்கு சொன்னது சரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இலைக்கூடை

அக்கா, இதை அப்படியே எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டேன். கணவரின் வெங்காயத்திற்கு ஏதாவது வழி உண்டா? எனக்கு வெங்காயம் இல்லாத சாலட்டில் ஏதோ குறைவதுபோலவே இருக்கிறது.

கசப்புப்பிரியர்

அவருக்கு ஆகாதது காரமா, வயிறா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், இரண்டுக்கும் வழி வேறு.

காரம் என்றால் எளிது. வெங்காயத்தை வெட்டும்போது அதன் செல்கள் உடைந்து, தனித்தனியே இருந்த நொதியும் கந்தகச் சேர்மங்களும் கலந்த பிறகுதான் அந்தக் காரம் பிறக்கிறது. கூர்மையான கத்தியால் மெல்லிய இழைகளாக நறுக்கினால் நசுங்கும் செல்கள் குறைவு. நறுக்கியதைக் குளிர்ந்த நீரில் பதினைந்து நிமிடம் ஊறவைத்து வடித்தால் வெட்டுவாயில் தங்கியிருந்த காரம் கழுவப்பட்டுவிடும். எலுமிச்சைச் சாற்றிலும் உப்பிலும் ஊறவைத்தால் இளஞ்சிவப்பாக மாறிப் பார்வைக்கும் அழகாக இருக்கும்.

வயிறு உப்புசம் என்றால் ஊறவைப்பது போதாது. வெங்காயத்தில் உள்ள ஃபிரக்டான் என்ற கார்போஹைட்ரேட் வகை சிலருக்குச் செரிப்பதில்லை. வெங்காயத் தாளின் பச்சைப் பகுதியில் அது மிகக் குறைவு. வெள்ளைப் பகுதியை நீக்கி, பச்சையை மட்டும் பொடியாக நறுக்கித் தூவிப் பாருங்கள்.

தனிச்சமையல்

ஒரு மாற்றுக் கருத்து. இத்தனை பேருக்கும் தனித்தனியாக ஈடுகொடுப்பது இலைக்கூடை அவர்களுக்குப் பெரும் சுமையாகாதா? நான் சிறுவனாக இருந்தபோது மேசையில் இருப்பதை உண்ண வேண்டும் என்பதே எங்கள் வீட்டு விதி, அதனால்தான் இன்று எனக்கு எல்லாமே பிடிக்கிறது என்று நம்புகிறேன்.

கசப்புப்பிரியர்

உங்களுக்கு அது நன்மையாக முடிந்ததில் மகிழ்ச்சி. என் வீட்டிலும் அதே விதிதான் இருந்தது, ஆனால் பீட்ரூட்டை வற்புறுத்தி ஊட்டியதால் முப்பது வயது வரை அதன் வாசனையே எனக்குக் குமட்டியது. பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன், அந்த மண் வாசனைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள், புளிப்பில் அது தணிந்துவிடும். வேகவைத்த பீட்ரூட்டில் தாராளமாக எலுமிச்சை பிழிந்து நானே செய்து உண்டபோது முதன்முறையாகப் பிடித்தது. என் தாயார் அன்று கரண்டியை என் கையில் கொடுத்திருந்தால் இருபது ஆண்டுகள் முன்பே பிடித்திருக்கும் என்று இப்போதும் எண்ணுகிறேன்.

புதிய உணவைக் குழந்தைகள் மறுப்பது இரண்டு முதல் ஆறு வயதுக்குள் உச்சத்தில் இருக்கும், பிறகு மெல்லக் குறையும். வற்புறுத்தாமல், சிறு அளவில், பத்துத் தடவைக்கு மேல் கண்ணில் பட்டு வாயில் பட்ட பிறகே பல குழந்தைகள் ஒன்றை ஏற்றுக்கொள்கிறார்கள். மூன்றாவது தடவையிலேயே நாம் பொறுமையை இழந்துவிடுகிறோம்.

நிதானச்சமையல்

சுமையைப் பற்றித் தனிச்சமையல் கேட்டது நல்ல கேள்விதான், அதற்குத்தான் நான் கலக்காமல் வைக்கச் சொல்கிறேன். ஐந்து சாலட் செய்ய வேண்டியதில்லை. எல்லாருக்கும் பொதுவான ஓர் அடித்தளம், உப்பிட்டு வடித்த வெள்ளரியோ இலையோ முட்டைக்கோஸோ. அதைச் சுற்றி நான்கு சிறு கிண்ணங்களில் வெங்காயத்தாள், தழை, கடலை, துருவிய காய். டிரெஸ்ஸிங் புட்டி நடுவில். அவரவர் தட்டில் அவரவர் கலந்துகொள்வார்கள், கலக்காமல் மிஞ்சியது மறுநாளுக்கும் கெடாது. டிரெஸ்ஸிங் பட்ட இலைதான் மறுநாளைக்கு உதவாது.

மாமியாருக்குக் கேரட்டைத் துருவியின் சிறு துளைப் பக்கத்தில் துருவி, எலுமிச்சையும் உப்பும் சேர்த்துக் கால் மணி நேரம் ஊறவிடுங்கள், நன்றாக இளகிவிடும். பீட்ரூட்டையும் கொண்டைக்கடலையையும் குழைய வேகவைத்துச் சேர்க்கலாம். சாலட் என்றால் பச்சையாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ராஜ்மா சேர்ப்பதானால் மட்டும் இரவு முழுக்க ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் அரை மணி நேரமாவது கொதிக்கவைத்து வேகவைக்க வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா நஞ்சு. மாமியார் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுத்துக்கொள்பவராக இருந்தால், பச்சை இலைகளின் அளவைத் திடீரென்று கூட்டுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், இலைகளில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும்.

இலைக்கூடை

ஒரு வாரம் கழித்து வருகிறேன். நாளின் பெயரால் பட்டியல் எழுதி, மகனையும் கடைக்கு அழைத்துக்கொண்டு போனேன். ஒரே ஒரு லெட்டூஸ் வாங்கினோம், ஞாயிறு இரவோடு தீர்ந்தது. வெங்காயத்தைப் பற்றிக் கணவரிடம் கேட்டேன். பதினான்கு ஆண்டுகளில் முதல் முறையாக, வயிறுதான் உப்புகிறது என்றும், சுவை தனக்குப் பிடித்தமானது என்றும் சொன்னார். வெங்காயத்தாளின் பச்சையை மூன்று நாட்களாக விரும்பி உண்கிறார். மகளின் கிண்ணத்தில் புதினா. மாமியார் துருவிய கேரட்டை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார், மாத்திரை எதுவும் எடுப்பதில்லை.

முட்டைக்கோஸ் விஷயம் இன்னும் தீரவில்லை. கடையில் ஊதா முட்டைக்கோஸைப் பார்த்து மகன்தான் அதைக் கூடையில் போட்டான். புதன்கிழமை நான் சீவிக் கொடுத்தேன், அவன் உப்பிட்டுப் பிசைந்தான். எலுமிச்சை பிழிந்ததும் அவன் விரல்களுக்கிடையிலேயே கருநீலம் போய் அடர்ந்த இளஞ்சிவப்பாக மாறியது, கையை விளக்கடியில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இரண்டு இழைகளை மென்று விழுங்கினான், மூன்றாவதை வாயிலிருந்து எடுத்துத் தட்டோரம் வைத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. கசப்புப்பிரியர் சொன்ன பத்துத் தடவைகளில் ஒன்று என்று குறித்துக்கொண்டேன்.

முக்கால்வாசி முட்டைக்கோஸ் மீதமிருக்கிறது. வெட்டிய பக்கம் கருத்துவிடாமல் அடுத்த புதன் வரை வைக்க முடியுமா?

மண்வாசம்

முடியும் அம்மா. வெட்டுவாயில் காற்றுப் படாதபடி இறுகச் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், ஆப்பிளிலிருந்து தள்ளி வையுங்கள். ஒவ்வொரு முறையும் எடுக்கும்போது காய்ந்த முகப்பை நூலளவு சீவிவிட்டால் உள்ளே புதிதாக இருக்கும். நடுத்தண்டை இப்போதே வெட்டி எடுத்துவிடாதீர்கள், அது இருக்கும்வரை இலைகள் கலையாமல் நிற்கும்.